ஐந்து நிமிடத்தில் அறுந்த உளவியல்

சுனாமியாகக் கடல் வந்துபோன இரண்டாவது வருடம் எங்கள் பாடசாலைக்கு ஆறு கணினிகள் கிடைத்தன. வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று கொடுத்தது. களுவாஞ்சிகுடிப் பக்கத்தில், வாவியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்த பாடசாலை அது. பின்பக்கத்து வகுப்பறை ஒன்றுக்குக் கம்பிவலை அடித்து, யன்னலுக்குத் திரை போட்டு, ஆறையும் வரிசையாக வைத்தார்கள். நான் அங்கே கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதக் கணினிப் பயிற்சிக்குப் போய்வந்தவள் என்ற ஒரே காரணத்துக்காக அதிபர் அந்த அறையின் பூட்டுத் திறப்பை என் கையில் தந்தார்.

இன்னொரு திறப்பு விஞ்ஞான ஆசிரியையிடம் இருந்தது. அவர் காத்தான்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர். நாங்கள் இரண்டு பேரும் ஒரே வயது, நாற்பதுக்கு ஒன்றிரண்டு குறைவு. நான் அவரை டீச்சர் என்பேன், அவரும் என்னை டீச்சர் என்பார். யாராவது வெளியே நின்று “டீச்சர்” என்று கூப்பிட்டால் இரண்டு பேரும் ஒன்றாக எழும்புவோம்.

எங்களுக்கு அந்த அறையில் உண்மையான வேலை வந்தது சனிக்கிழமைகளில்தான். கொழும்பில் இருந்த ஒரு கல்வி நிறுவனம் தூர இடத்து ஆசிரியர்களுக்குத் தபால் மூலம் டிப்ளோமாப் பாடநெறி ஒன்றை நடத்தியது. எங்கள் பகுதியில் பதினாறு பேர் சேர்ந்திருந்தார்கள். முன்பு பாடநூல்களைக் கட்டுக்கட்டாகத் தபாலில் அனுப்பினார்கள். ஹர்த்தால், வீதித்தடை, சோதனை என்று அந்தக் கட்டுகள் மாதக்கணக்கில் எங்காவது கிடந்து, ஒப்படை எழுதிக் கொடுக்கவேண்டிய நாள் முடிந்த பிறகு வந்து சேரும். அதற்குப் பரிகாரமாக நிறுவனம் ஓர் இணையத்தளச் செயலியைச் செய்தது. பதிவிலக்கத்தையும் கடவுச்சொல்லையும் கொடுத்து உள்ளே போனால் பாடங்களின் பட்டியல் வரும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு நீலப் பொத்தான். அதை அழுத்தினால் பாடநூல் கணினியில் இறங்கும். நாங்கள் அச்சடித்துக் கொடுப்போம். அவ்வளவுதான் திட்டம்.

முதல் சனிக்கிழமை பதினாறு பேரும் வந்தார்கள். அதில் ஏழு பேர் படுவான்கரையிலிருந்து, பாலத்தைக் கடந்து சைக்கிளில் வந்தவர்கள். வாவிக்கு மேற்கே அந்தக் கரை அப்போது போராளி இயக்கத்தின் ஆட்சியில் இருந்தது. பாலத்தடி இராணுவச் சாவடியில் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, பையைத் திறந்து காட்டி, வரிசையில் நின்றுதான் வரவேண்டும். அந்த ஏழு பேருக்கும் தலைவர் மாதிரி பழுகாமத்து சேர் ஒருவர் இருந்தார். சமூகக்கல்வி படிப்பிப்பவர். வட்டை என்ற வயல்வெளியில் நாலு ஏக்கரும் செய்பவர். அறைக்குள் வந்ததுமே அவரது குரல் கம்பிவலையைத் தாண்டி வெளியே கேட்கும்.

நான் கல்வி உளவியல் பாடத்தின் நீலப் பொத்தானை அழுத்தினேன். பதினாறு பேரும் என் கதிரைக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். கோப்பு இறங்கத் தொடங்கியது. சற்று நேரத்தில் இறங்கி முடிந்துவிட்டது என்று கணினி சொன்னது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் திறந்தேன். கோப்பு பழுதடைந்துள்ளது, திறக்க முடியாது என்று ஒரு சிறிய பெட்டி வந்தது.

“கைதட்டினதத் திருப்பித் தாங்க” என்றார் பழுகாமத்து சேர்.

மறுபடி அழுத்தினேன். மறுபடி அதே பெட்டி. அன்றைக்கு ஏழு தரம் முயன்றோம். ஏழு தரமும் கணினி முடிந்துவிட்டது என்று சந்தோஷமாகச் சொல்லியது, ஏழு தரமும் கோப்பு பழுது.

“என்ன டீச்சர் இது?” என்றார் விஞ்ஞான டீச்சர். “இறங்கின மாதிரியும் இரிக்கி, இறங்காத மாதிரியும் இரிக்கி.”

பதினாறு பேரும் வெறுங்கையோடு போனார்கள். ஒப்படை கொடுக்க ஐந்து வாரம் இருந்தது.

திங்கட்கிழமை நாங்கள் காரணம் தேடத் தொடங்கினோம். முதலில் சந்தேகப்பட்டது தொலைபேசியைத்தான். அந்த நாளில் இணையம் தொலைபேசிக் கம்பி வழியாகவே வரும். எங்கள் அறைக்கு வந்த இணைப்பு அதிபர் அறைக்குப் போன கம்பியிலிருந்து பிரித்து எடுத்தது. அங்கே யாராவது ரிசீவரைத் தூக்கினால் எங்கள் இணைப்பு அறுந்துவிடும். ஆகவே விஞ்ஞான டீச்சர் அதிபர் அறையில் தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரை போட்டுக் காவல் இருந்தார். நான் இங்கே பொத்தானை அழுத்தினேன்.

நடந்ததைப் பின்னர் அதிபரே எல்லோருக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவர் வலயக் கல்விக் காரியாலயத்துக்குக் கோல் எடுக்கக் கையை நீட்டியிருக்கிறார். டீச்சர் ரிசீவருக்கு மேலே தன் கையை வைத்து அமர்த்திக்கொண்டு, “சேர், இப்ப எடுக்கப்படாது. உளவியல் இறங்குது” என்றிருக்கிறார். அதிபர் கையை எடுத்துக்கொண்டு, சத்தம் போட்டால்கூட ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில், “இன்னும் எவ்வளவு இறங்க இருக்கு?” என்று மெதுவாகக் கேட்டாராம்.

யாரும் தூக்கவில்லை. ஆனாலும் கோப்பு பழுது.

அடுத்த சந்தேகம் தேத்தண்ணியில் விழுந்தது. பொத்தானை அழுத்திவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாமல், தண்ணீர்ச் சட்டிக்குள் கம்பிச்சுருள் ஹீற்றரைப் போட்டுத் தேத்தண்ணி வைப்போம். தண்ணீர் கொதிக்கிற நேரமும் கோப்பு முடிகிற நேரமும் எப்போதும் ஒன்றாகவே இருந்தன. ஹீற்றர் கரண்டை இழுப்பதால் மோடத்துக்குப் போதாமல் போகிறதோ என்று விஞ்ஞான டீச்சர் யோசித்தார். அவர் யோசித்தால் பரிசோதனை செய்யாமல் விடமாட்டார். ஒரு முழு நாள் தேத்தண்ணி இல்லை என்று அறிவித்தார். மூன்று மணிக்கு இரண்டு பேருக்கும் தலையிடி. கோப்பு அப்போதும் பழுது.

“சரி, ஹீற்றர்ல பிழ இல்ல” என்றார் அவர், உடனே அதைச் சட்டிக்குள் போட்டுக்கொண்டு. “ஒரு காரணத்தக் கழிச்சாச்சி. அதுவும் ஒரு முன்னேற்றம்தான்.”

வைரஸ் என்று ஒருவர் சொன்னதால் அதையும் தேடினோம். வேறு கணினியில் முயன்றோம். ஆறு கணினிகளும் ஒரே பெட்டியைத்தான் காட்டின. அடுத்த சனிக்கிழமை வந்தது. இந்த முறை பழுகாமத்து சேர் ஒரு வேலை செய்தார். பட்டியலில் அதே பாடத்தின் ஆங்கிலப் பதிப்பும் இருந்தது. அதன் பொத்தானை அழுத்தச் சொன்னார். மூன்று நிமிடத்தில் இறங்கித் திறந்தது. சிங்களப் பதிப்பை அழுத்தினோம். அதுவும் திறந்தது. தமிழ்ப் பதிப்பு மட்டும் பழுது.

ஒருவரை ஒருவர் பார்த்தோம். அந்த நாட்களில் அந்த மாதிரி ஒரு பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

“விளங்கிச்சுதானே” என்றார் சேர். சிரிக்கத்தான் பார்த்தார், ஆனால் சிரிப்பு முழுதாக வரவில்லை. “எல்லா இடத்திலயும் உள்ளதுதான் இதுக்குள்ளயும் இருக்கு.”

எனக்கு அது பிடிக்கவில்லை. அவர் சொன்னது சரியாக இருந்துவிடுமோ என்ற கவலை ஒரு பக்கம். கணிதம் படிப்பிக்கிறவளுக்கு, நிறுவாத ஒன்றை ஏற்றுக்கொள்ள மனம் வராதது இன்னொரு பக்கம். திங்கட்கிழமை காலை நிறுவனத்துக்குக் கோல் எடுத்து, செயலியைச் செய்தவரோடு கதைக்கவேண்டும் என்று கேட்டேன். இளைஞர் ஒருவர் வந்தார். சிங்களவர். சிறுவயதில் வெள்ளவத்தையில் தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவில் வளர்ந்தவராம், நன்றாகத் தமிழ் கதைத்தார். குரல் மிக மென்மையாக இருந்தது. அதுவே எனக்குக் கோபத்தைக் கூட்டியது.

“மிஸ், இங்க நல்லா வருது தானே” என்றார். “இப்பவும் ஒருக்காப் பாத்தன். தமிழ்ப் புத்தகம் திறக்குது.”

“இங்க திறக்குதில்ல.”

“உங்கட லைன் பிழையா இருக்கும் மிஸ்.”

“லைன் பிழையெண்டா இங்கிலீஷ் எப்பிடி வரும்? சிங்களம் எப்பிடி வரும்?”

அவர் பாடத்தின் பெயரைத் திரும்பக் கேட்டார். பிறகு, பார்க்கிறேன் என்றார். இரண்டு நாள் கழித்து நானே திரும்ப எடுத்தேன். பார்த்தாராம், இன்னும் அங்கே நன்றாகவே வேலை செய்கிறதாம். பொய் சொல்கிற குரல் இல்லை அது. அங்கே உண்மையாகவே வேலை செய்கிறது, இங்கே உண்மையாகவே செய்யவில்லை. அப்படியானால் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று வித்தியாசமாக இருக்கவேண்டும்.

அன்று பின்னேரம் ஒரு பயிற்சிக் கொப்பியை எடுத்து அட்டவணை போட்டேன். நாலு நிரல். எத்தனை மணிக்கு அழுத்தினேன், எத்தனை மணிக்கு முடிந்தது என்றது, எவ்வளவு நேரம் எடுத்தது, எவ்வளவு அளவு இறங்கியது. விஞ்ஞான டீச்சரின் கைக்கடிகாரத்தில் செக்கன் முள் இருந்தது. அவர் நேரம் சொல்வார், நான் எழுதுவேன். அன்று நாலு தரம், மறுநாள் விடியக்காலையில் பாடசாலை தொடங்குமுன் மூன்று தரம், மத்தியானம் இரண்டு தரம்.

அளவு ஒவ்வொரு தரமும் வேறாக இருந்தது. காலையில் கம்பி சும்மா இருக்கும் நேரத்தில் கூடுதலாக இறங்கியது. மத்தியானத்தில் பாதிதான். ஆனால் மூன்றாவது நிரலை இரண்டாம் தரமும் வாசித்தேன். நாலு நிமிடம் ஐம்பத்தொன்பது செக்கன். ஐந்து நிமிடம். ஐந்து நிமிடம் ஒரு செக்கன். ஐந்து நிமிடம்.

“டீச்சர்,” என்றேன், “இது பழுதாகிறதில்ல. யாரோ வெட்டுறாங்க. அஞ்சு நிமிஷத்தில.”

அவர் கொப்பியை வாங்கி, விரலை மேலிருந்து கீழே அந்த நிரலோடு இழுத்துப் பார்த்தார். “அல்லாஹ்வே!” என்றார். “தண்ணி கொதிக்கிறதும் அஞ்சி நிமிஷம்!”

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பக்கத்து வகுப்பிலிருந்து ஒரு மாணவி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

உடனே கோல் எடுத்தேன். இந்த முறை கொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இளைஞருக்கு ஒவ்வொரு வரியாக வாசித்தேன். முடிந்ததும் ஒரு கேள்வி கேட்டேன்.

“உங்கட ஒபிசில தமிழ்ப் புத்தகம் இறங்க எவ்வளவு நேரம் எடுக்கும்?”

“ஒரு இருவது செக்கன் மிஸ்.”

“உங்கட வீட்டில டெலிபோன் லைன்ல இன்டர்நெட் இருக்கா?”

“இருக்கு. சரியான மெதுவு.”

“எங்களுக்கும் அதுதான் இருக்கு. இண்டைக்கு வீட்ட போய் அதில இறக்கிப் பாருங்க. ஒரு மணிக்கூட்டப் பக்கத்தில வைச்சுக்கொண்டு பாருங்க.”

அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு அதிபர் அறையில் தொலைபேசி அடித்தது. அதிபர் எடுத்து, பிறகு வெளியே வந்து மைதானத்துக்கு அந்தப் பக்கம் நின்ற என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். அவ்வளவு நாளும் நான்தான் கோல் எடுத்தேன். அங்கிருந்து வந்தது அதுவே முதல் தரம்.

“மிஸ், உடைஞ்சது” என்றார் அவர். அவரது குரலில் ஏதோ பரிசு கிடைத்தது போன்ற மகிழ்ச்சி. “சரியா அஞ்சு நிமிஷம். மூணு தரம் பாத்தன். அம்மா வந்து, என்ன செய்யிற, மணிக்கூட்டப் பாத்துக்கொண்டு இருக்கிறாய் எண்டு கேட்டாங்க.”

பிறகு விளக்கினார். பாடநூல்கள் இருக்கிற பெரிய கணினியை ஒரு கம்பனி வாடகைக்குக் கொடுத்திருந்தது. எந்த வேலையாக இருந்தாலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடக்கூடாது என்று அதில் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். ஐந்து நிமிடம் ஆனதும் பாதியிலேயே நிறுத்திவிடும். கோப்பின் மொத்த அளவு எவ்வளவு என்று செயலி முன்கூட்டிச் சொல்வதில்லை. அதனால் வந்தது முழுதா பாதியா என்று எங்கள் கணினிக்குத் தெரியாது. வரவு நின்றதும் முடிந்துவிட்டது என்று சொல்லிவிடும். மொத்த அளவைச் சொல்லும் ஒரு வரியை எழுதாமல் விட்டது தன் பிழைதான் என்று அவர் தானாகவே சொன்னார். அவரிடம் எனக்கு இருந்த கோபம் அந்த இடத்தில் முடிந்தது.

“அப்ப ஏன் தமிழ் மட்டும்?” என்று கேட்டேன். எனக்கு அதுதான் முக்கியம். சனிக்கிழமை அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவேண்டும்.

“மிஸ், சிங்களமும் இங்கிலீஷும் டைப் பண்ணினது. சின்னக் கோப்பு. தமிழ் எழுத்துரு எங்கட ஒபிசில சரியா வரல்ல. அதால அச்சுப் புத்தகத்த ஒவ்வொரு பக்கமா ஸ்கேன் பண்ணிப் போட்டோம். படம் மாதிரி. பத்து மடங்கு பாரம்.”

சனிக்கிழமை இதை அப்படியே சொன்னேன். பழுகாமத்து சேர் கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

“வேணுமெண்டு செய்யல்ல எண்டுறீங்க.”

“வேணுமெண்டு செய்யல்ல. ஆனா தமிழ டைப் பண்ண ஒரு ஆளப் போடவேணுமெண்டு யாருக்கும் தோணவும் இல்ல.”

“அது சரி” என்றார். “அந்த ரெண்டாவது நீங்க சொல்லாட்டி நான் சொல்லியிருப்பன்.” பிறகு வழக்கமான சத்தத்தோடு, “மறுகா என்ன? இனி எப்ப புத்தகம்?” என்று கேட்டார்.

கம்பனிக்காரர் அந்த ஐந்து நிமிடக் கட்டுப்பாட்டை நீக்க மறுத்துவிட்டார்கள். இளைஞர் வேறு வழி கண்டுபிடித்தார். உளவியல் புத்தகத்தை ஒன்பது அத்தியாயங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி நீலப் பொத்தான் வைத்தார். ஒவ்வொன்றும் மூன்று நாலு நிமிடத்தில் இறங்கிவிடும். புதன்கிழமை பின்னேரம் அழுத்தச் சொன்னார். நான் வகுப்பில் இருந்தேன். விஞ்ஞான டீச்சர்தான் உட்கார்ந்து ஒன்பதையும் இறக்கினார். நான் வந்தபோது கதவடியிலேயே நின்றார்.

“ஒன்பதும் வந்திட்டு!” என்றார். “பழுது இல்ல. திறந்தும் பாத்தன்.”

உள்ளே போய்ப் பார்த்தேன். ஒரே ஒரு கோப்புத்தான் இருந்தது. திறந்தேன். ஒன்பதாம் அத்தியாயம்.

“மத்த எட்டும் எங்க?”

“இருக்கவேணுமே. ஒவ்வொரு தரமும் பழைய கோப்புக்குப் பதிலாக வைக்கவா எண்டு கேட்டிச்சி. நான் ஓம் ஓம் எண்டு அழுத்தினன்.”

இளைஞர் ஒன்பது துண்டுக்கும் ஒரே பெயரை வைத்திருந்தார். ஒவ்வொரு புதிய அத்தியாயமும் முந்தியதை அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது. டீச்சர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். பிறகு, “எட்டு அத்தியாயத்தை என்ட கையாலயே அழிச்சிருக்கன் டீச்சர். ஒவ்வொண்டுக்கும் ஓம் சொல்லி” என்றார். அந்த நேரம் அவர் முகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கடைசியில் அவரும் சிரித்துவிட்டார். மறுபடி முதலாம் அத்தியாயத்திலிருந்து தொடங்கினோம். இந்த முறை ஒவ்வொன்றையும் இறக்கும்போதே நாங்களாக ஒரு பெயர் வைத்துச் சேமித்தோம். ஐந்தரை மணிக்கு ஒன்பதும் இருந்தன. கடைசிப் பஸ் போய்விடும் என்று அவர் செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் வீதிக்கு ஓடினார்.

வியாழனும் வெள்ளியும் அச்சடித்தோம். சனிக்கிழமை பதினாறு பேருக்கும் பதினாறு கட்டு. கட்டை வாங்கிய ஒவ்வொருவரும் முதலில் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்தார்கள்.

அந்தக் கட்டுகளில் ஒன்று பாலத்தில் பட்ட பாட்டைப் பழுகாமத்து சேர் அடுத்த சனிக்கிழமை வந்து சொன்னார். திரும்பிப் போகும்போது சாவடியில் பையைத் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு சிப்பாய் தாள்களைப் புரட்டிக்கொண்டே போய் நாலாம் அத்தியாயத்தில் நிறுத்தினானாம். எலி கற்பதைப் பற்றிய பரிசோதனை அது. பக்கம் முழுக்க ஒரு சிக்கலான பாதையின் படம், சுவர்கள், மூலைகள், ஒரு வாசல், நடுவில் ஒரு புள்ளி. ஸ்கேன் பண்ணி அச்சடித்ததில் எழுத்துகள் மங்கி, படம் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது.

“மேப் எண்டு நினைச்சிட்டான்” என்றார் சேர். “அவங்கட ஆமிக் காம்பைக் கீறி வைச்சிருக்கன் எண்டு. துவக்கு வைச்சிருந்தவன் ரெண்டு அடி பின்னுக்குப் போயிட்டான். சிங்களத்தில எலிக்கு என்ன எண்டு நினைச்சுப் பாக்கிறன், வரல்ல. அரிசி வருது, தண்ணி வருது, எலி வரல்ல.”

“மறுகா?” என்று கேட்டோம்.

“மறுகா என்ன செய்யிற? ரெண்டு கையையும் மூக்குக்கிட்ட வைச்சு எலி மாதிரிக் கீச்சுக் கீச்செண்டு கத்திக் காட்டினன்.”

அவர் அறை நடுவில் நின்று அப்படியே செய்துகாட்டினார். ஐம்பதை நெருங்கும் மனிதர், வெள்ளைச் சேட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு. எனக்குச் சிரிப்பும் வந்தது, அந்தத் துப்பாக்கியின் நினைவும் வந்தது.

“மற்றவன் அப்பதான் ‘மீயா?’ எண்டான். ஓம் ஓம், மீயா, மீயா எண்டு நான் பாஞ்சு விழுந்து சொன்னன். பெரியவன் ஒருவன் உள்ளுக்கிருந்து வந்தான். இங்கிலீஷ் கொஞ்சம் தெரியும். படத்தைப் பாத்தான். பேனையை எடுத்து வாசலில வைச்சு, அந்தப் புள்ளிக்குப் போற பாதையைத் தேடினான். ஒருக்கா முட்டுச் சுவர். திரும்பி வந்தான். இன்னொருக்கா முட்டு. எல்லாரும் சுத்தி நிண்டு பாக்கிறாங்க, எனக்குப் பின்னால வரிசை நீளுது. கடைசியில போய்ச் சேந்திட்டான். அப்பதான் பையைத் தந்தாங்க.”

அவர் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் காட்டினார். நீல மையில் ஒரு கோடு, இரண்டு இடத்தில் முட்டி, திரும்பி, நடுப்புள்ளிவரை போயிருந்தது.

அதன் பிறகு இறக்கிய பாடங்களில் படங்களுக்கு மேலே என்ன படம் என்று மூன்று மொழியிலும் பெரிதாக எழுதிக் கொடுத்தோம்.

பதினாறு பேரும் ஒப்படையை நாளுக்கு முன்னரே அனுப்பினார்கள். அந்த வாரமோ அதற்கடுத்த வாரமோ மன்னாரிலிருந்து ஒரு கோல் வந்தது. அங்கே எங்களைப் போல ஒரு நிலையத்தில் இருந்த ஆசிரியை. கொழும்பு இளைஞரிடம் எங்கள் இலக்கத்தை வாங்கியிருக்கிறார்.

“இவ்வளவு நாளும் எங்கட லைன்தான் பிழை எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தம் டீச்சர்” என்றார். “நாலு மாசமா. ஒருத்தரிட்டயும் கேக்கேல்ல, வெக்கமா இருந்தது.” நான் ஐந்து நிமிடக் கதையைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “நாங்கள் மோடத்தை மாத்தினம், கம்பியை மாத்தினம், கடைசியா அறையை மாத்தினம்” என்றார்.

வருடம் திரும்புகிற நேரத்தில் படுவான்கரைப் பக்கம் ஷெல் விழத் தொடங்கியது. சனிக்கிழமைகளில் ஏழு பேர் மூன்று பேராகி, பிறகு ஒருவரும் வராமல் போனார்கள். பிறகு ஊரே பாலத்தைக் கடந்து எங்கள் பக்கம் வந்தது. எங்கள் பாடசாலையின் முன்பக்க வகுப்பறைகளில் குடும்பங்கள் தங்கின. பழுகாமத்து சேரும் மனைவியும் இரண்டு மகள்மாரும் ஏழாம் வகுப்பு அறையில் இருந்தார்கள். நான் அவரைப் போய்ப் பார்த்தபோது கொண்டுவந்த சாமான்களுக்கு நடுவில் பாடக் கட்டுகள் எல்லாம் ஒரு உரப்பைக்குள் நனையாமல் கட்டியிருந்தன.

“வயலைக் கொண்டுவரேலாது, மாட்டைக் கொண்டுவரேலாது” என்றார். “இது பாரமில்ல.”

கணினி அறையைப் பின்னேரங்களில் அவருக்காகத் திறந்து வைத்தோம். படுவான்கரையிலிருந்து வந்த மற்ற ஆறு பேரையும் அவரே ஒவ்வொரு முகாமாகத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தார். இறுதிப் பரீட்சைக்கு மட்டக்களப்பு நகருக்கு ஒரு வான் பிடித்து எல்லோரும் ஒன்றாகப் போனார்கள். பதினாறில் பதினான்கு பேர் சித்தியடைந்தார்கள். சேருக்கு உளவியலில் மிக நல்ல புள்ளி. எலியைப் பற்றி ஒரு கேள்வி வந்ததாம். விடையை நடித்தும் காட்டியிருப்பேன், மேற்பார்வையாளர் விடவில்லை என்றார்.

இளைஞர் அடுத்த வருடம் பரீட்சை விண்ணப்பங்களுக்காக இன்னொரு செயலி செய்தார். அதை வெளியிடுவதற்கு முந்திய நாள் எனக்குக் கோல் எடுத்தார்.

“மிஸ், நாளைக்கு எல்லாருக்கும் திறக்கப் போறம். அதுக்கு முதல் நீங்க ரெண்டு பேரும் உங்கட லைன்ல ஒருக்கா இறக்கிப் பாக்க ஏலுமா? எங்கட ஒபிசில எல்லாம் சரியாத்தான் வருது. அதான் பயமா இருக்கு.”

விஞ்ஞான டீச்சர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். மத்தியானத்துக்குள் மூன்று பிழை பிடித்தோம். நான் தொலைபேசியில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருக்க, “இருங்க டீச்சர், வைச்சிராதீங்க, நாலாவதும் ஒண்டு இரிக்கி!” என்று அவர் அச்சடித்த விண்ணப்பத் தாளோடு கணினி அறையிலிருந்து மைதானத்தைக் கடந்து ஓடிவந்தார்.